நாணயத்தில் இரட்டை எழுத்து: டை வேறுபாடுகளை இனங்காணும் முறை

நாணயம் என்பது இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவில் அகப்பட்டு நசுங்கிய உலோக வில்லை. அந்த அச்சை நாணயச்சாலையிலும் சேகரிப்பாளர்கள் நடுவிலும் 'டை' என்றே சொல்கிறார்கள். தலைப் பக்கத்துக்கு ஒரு டை, பூப் பக்கத்துக்கு ஒரு டை. நாணயத்தில் மேடாகத் தெரிவதெல்லாம் டையில் பள்ளமாகவும் இடவலம் மாறியும் இருக்கும். ஓர் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் நாணயம் அடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு டையோ குறிப்பிட்ட அளவு அடித்ததும் தேய்ந்துவிடும், அல்லது விரிசல் விட்டுவிடும். ஆகவே ஒரே ஆண்டின் ஒரு ரூபாயை அடிப்பதற்கு எத்தனையோ டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வருகின்றன. எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் நாணயச்சாலையின் நோக்கம். அப்படியும் ஏதோ ஒரு டையில் எழுத்து தடித்துப் போயிருக்கும், எண் இரண்டாகத் தெரியும், பூப் பக்கத்து மாலையில் ஒரு கனி குறைந்திருக்கும். அந்த டை அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் அதே குறி அதே இடத்தில் விழும். இதற்குத்தான் டை வெரைட்டி, அதாவது டை வேறுபாடு, என்று பெயர்.

இந்தத் துறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இந்த வரையறையிலேயே இருக்கிறது: கண்ணில் படும் மாற்றம் டையில் இருந்ததா, அல்லது அடிக்கும்போது அந்த ஒரு நாணயத்துக்கு மட்டும் நேர்ந்ததா? வில்லை நகர்ந்து பாதி உருவம் விழுந்தது, ஓரம் வெட்டுப்பட்டது, ஒரே வில்லை இருமுறை அடிபட்டது ஆகியவை எல்லாம் அந்த நாணயத்தோடு முடிந்துபோகும் பிழைகள். இவற்றை 'எரர் காயின்' என்று தனியே வைக்கிறார்கள். டையில் இருந்த மாற்றமோ ஆயிரக்கணக்கான நாணயங்களில் திரும்பத் திரும்ப வரும். பிழை நாணயத்துக்கு இணை கிடையாது. வேறுபாட்டுக்கு இணை இருந்தே தீரும்.

கையால் அச்சு வெட்டிய காலத்தில் இந்தப் பிரிவினைக்கே இடமில்லை. ராஜராஜ சோழனின் செப்புக்காசை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அரசன் பெயரும். இந்தக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒவ்வோர் அச்சையும் ஒரு கம்மியர் தனித்தனியே வெட்டியதால், உருவத்தின் கை வளைவும் எழுத்தின் சாய்வும் அச்சுக்கு அச்சு மாறும். அங்கே எல்லாமே வேறுபாடுதான். அதனால் பழங்காசு ஆய்வாளர்கள் அச்சுகளை வேறு பயனுக்காக ஒப்பிடுகிறார்கள். ஒரே அச்சில் விழுந்த காசுகளை ஒன்றுசேர்த்து, எத்தனை அச்சுகள் இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஓர் அரசு எவ்வளவு காசு வெளியிட்டிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். சேகரிப்பாளர்கள் தேடும் டை வெரைட்டி, இயந்திரங்கள் வந்து எல்லா நாணயமும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிறந்த பிறகே பொருள் பெற்றது.

டை பிறக்கும் விதம்

இரட்டை எழுத்து எப்படி விழுகிறது என்பது புரிய, டை எப்படி உருவாகிறது என்பதை அறிய வேண்டும். முதலில் ஓவியர் வடிவத்தைப் பெரிய அளவில் செய்கிறார். அதைச் சிறிதாக்கி நாணயத்தின் அளவில் ஓர் எஃகுத் தண்டின் முனையில் செதுக்குகிறார்கள். இதில் உருவம் நாணயத்தில் உள்ளபடியே மேடாக இருக்கும். இதன் பெயர் 'ஹப்'. இந்த மூல ஹப்பை மென்மையான இன்னோர் எஃகுத் தண்டில் பெரும் அழுத்தத்துடன் அழுத்தினால் பள்ளமான மூல டை கிடைக்கும். மூல டையிலிருந்து வேலைக்குரிய ஹப்புகள், அவற்றிலிருந்து வேலைக்குரிய டைகள் என்று இந்த வம்சம் பெருகுகிறது. நாணயத்தை நேரில் அடிப்பவை கடைசித் தலைமுறை டைகள் மட்டுமே.

பழைய முறையில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழு ஆழத்துக்கு இறங்காது. அழுத்த அழுத்த எஃகு இறுகிவிடும். அதனால் பாதி இறங்கிய டையை உலையில் சூடாக்கி, ஆற விட்டு, இளக்கி, மறுபடியும் அதே ஹப்பின் கீழ் வைத்து அழுத்துவார்கள். இரண்டாவது முறை வைக்கும்போது முன்பு பதிந்த உருவத்தின் மேல் அச்சுப் பிசகாமல் ஹப் உட்கார வேண்டும். மயிரிழை திரும்பினாலும் இரண்டு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துவிடும். ரப்பர் முத்திரையை ஒரே இடத்தில் இரண்டு முறை குத்தும்போது கை சற்று நகர்ந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. இவ்வாறு இரட்டித்துப்போன டையைத்தான் 'டபுள்டு டை' என்கிறார்கள். இரட்டித்தது நாணயம் அன்று. நாணயம் ஒரே ஒரு முறைதான் அடிக்கப்பட்டது. இரட்டை உருவம் டையிலேயே உறைந்து கிடக்கிறது.

எந்த விதமாகப் பிசகியது என்பதை உருவமே காட்டிக்கொடுக்கும். டை நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பியிருந்தால் நடுவில் இரட்டிப்பு குறைவாகவும், விளிம்பை நெருங்க நெருங்க அதிகமாகவும் இருக்கும். விளிம்போரத்தில் ஒரு புள்ளியை அச்சாணியாகக் கொண்டு திரும்பியிருந்தால், அந்தப் புள்ளிக்கு அருகே ஒன்றும் தெரியாது. எதிர்ப்புற விளிம்பில் எழுத்துகள் நன்றாகப் பிரிந்து நிற்கும். பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் நாணயம் முழுவதும் ஒரே திசையில் இரட்டிக்கும். சில நேரம் முதல் அழுத்தத்துக்கு ஒரு ஹப்பும் இரண்டாவதற்கு வேறொரு ஹப்பும் பயன்பட்டுவிடுவதும் உண்டு. 1878-ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலரில் கழுகின் வாலில் 8 இறகு உள்ள வடிவமும் 7 இறகு உள்ள வடிவமும் ஒரே டையில் ஏறி, ஏழு இறகுகளின் கீழே எட்டின் நுனிகள் எட்டிப் பார்க்கும். 1942-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பத்து சென்ட் (டைம்) நாணயத்தில் 2-க்கு அடியில் 1 தெரிவதும் இப்படி இரண்டு ஆண்டு ஹப்புகள் கலந்ததால்தான்.

உலகில் மிகப் புகழ்பெற்ற டபுள்டு டை 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட். பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு தலைப்பக்க டை பிசகிப் போனது. ஆண்டெண்ணும் வாசகமும் வெறுங்கண்ணாலேயே இரண்டாகத் தெரியும் அளவுக்குப் பிசகு. பிழை கண்டுபிடிக்கப்படுவதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் மற்றவற்றோடு கலந்துவிட்டன. அவற்றைப் பொறுக்கி எடுப்பது பெரும் வேலை என்று அப்படியே வெளியே விட்டார்கள். சிகரெட் விற்கும் இயந்திரங்களுக்காகப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்த சில்லறையாகப் பல காசுகள் மக்கள் கைக்கு வந்தன. இன்று அவை ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன.

1990-களின் பிற்பகுதியிலிருந்து பெரிய நாணயச்சாலைகள் ஒரே அழுத்தத்தில் டையை முடித்துவிடும் முறைக்கு மாறத் தொடங்கின. அதோடு டபுள்டு டை ஒழிந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஒழியவில்லை. அழுத்தம் தொடங்கும் நொடியில் தண்டு சற்றுச் சாய்ந்திருந்து, அழுத்தம் ஏறும்போது நேராகிவிட்டால், முதலில் தொட்ட நடுப்பகுதியில் மட்டும் சிறிய இரட்டிப்பு விழுகிறது. லிங்கன் பிறந்து இருநூறு ஆண்டானதையொட்டி 2009-ல் வந்த அமெரிக்கக் காசுகளில், மரக்கட்டையில் அமர்ந்து படிக்கும் இளம் லிங்கனின் கையில் ஒரு விரல் கூடுதலாகத் தெரிவது இந்த வகை. எனவே பழைய நாணயத்தில் விளிம்பெழுத்தையும், புதிய நாணயத்தில் நடு உருவத்தையும் முதலில் பார்ப்பது நல்லது.

ஏமாற்றும் இரட்டைகள்

இரட்டையாகத் தெரியும் நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை டபுள்டு டை அல்ல. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களின் பணம் வீணாவது இங்கேதான். அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படிப்பது அவசியம்.

அடிக்கடி காணப்படுவது இயந்திர இரட்டிப்பு. அடித்து முடித்த கணத்தில் டை இறுக்கமாக இல்லாமல் ஆடினால், விலகும்போது அது நாணயத்தின் புதிய எழுத்துகளை உரசிவிடும். உரசப்பட்ட மேட்டின் ஒரு பக்கம் கீழே தள்ளப்பட்டுத் தட்டையான படியாகிவிடும். லென்ஸில் பார்த்தால் எழுத்தின் அருகே தளத்தை ஒட்டி ஒரு பளபளப்பான திட்டு இருக்கும். எழுத்தின் உலோகமே தள்ளப்பட்டதால் மேலே எஞ்சிய எழுத்து இயல்பைவிட ஒல்லியாகிவிடும். டபுள்டு டையில் நேர்மாறு. இரண்டு உருவங்களும் டையில் முழுமையாகப் பதிந்தவை என்பதால் இரண்டுக்கும் உருண்ட மேடும் உயரமும் இருக்கும்; எழுத்து சேர்ந்து பார்க்கையில் தடித்திருக்கும். எழுத்தின் கால் நுனிகளில் இரண்டு மூலைகள் தனித்தனியே பிரிந்து, நடுவே சிறு வெட்டு தெரியும். தட்டையும் ஒல்லியும் என்றால் இயந்திரம். உருண்டையும் தடிமனும் பிளந்த மூலையும் என்றால் டை. இந்த ஒரு சோதனையிலேயே பத்தில் எட்டு, ஒன்பது ஐயங்கள் தீர்ந்துவிடும்.

அடுத்தது தேய்ந்த டையால் வருவது. ஒரு டை நெடுநாள் உழைத்தால் எழுத்துகளின் ஓரம் தேய்ந்து, உலோகம் பாயும் வழியெல்லாம் நாணயத்தில் மங்கலான நிழல் எழும். இது பெரும்பாலும் விளிம்போர எழுத்துகளின் வெளிப்புறத்தில் தோன்றும். தெளிவான ஓரம் இராது. சுற்றியுள்ள தளமும் வழவழப்பு இழந்து சொரசொரப்பாகியிருக்கும். அந்தச் சொரசொரப்பைப் பார்த்தவுடன் டபுள்டு டை என்ற ஆசையை விட்டுவிடலாம்.

ஒரே வில்லை இருமுறை அடிபட்டால் வருவது வேறு. இரண்டாவது அடி முதல் உருவத்தை நசுக்கிவிடும். முதல் உருவம் தட்டையாக, சிதைந்து, பெரும்பாலும் இரு பக்கங்களிலும் தெரியும். இது பிழை நாணயம். சில சமயம் நல்ல விலையும் உண்டு. ஆனால் டை வேறுபாடு அன்று.

இதற்கு நெருங்கிய ஒன்று சென்னை நாணயங்களிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1807, 1808 ஆண்டுகளில் சென்னையில் இயந்திரத்தால் அடித்த வெள்ளி அரைப் பகோடாவின் ஒரு பக்கத்தில் கோவில் கோபுரமும் அதைச் சுற்றி நட்சத்திரங்களும், மறுபக்கத்தில் தாமரையிலிருந்து எழும் விஷ்ணுவும் இருப்பார்கள். மதிப்பு ஆங்கிலம், பாரசீகம் இவற்றோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பட்டிருக்கும். கடல் வழியே வந்த ஸ்பானிய டாலர்களை உருக்காமல் அப்படியே வில்லையாக வைத்து இவற்றில் பலவற்றை அடித்தார்கள். அதனால் கோபுரத்தின் அடியில் ஸ்பானிய அரசனின் பட்டப்பெயரின் எழுத்தோ கேடயத்தின் கோடோ மங்கலாகத் தெரிவதுண்டு. ஒவ்வொரு காசிலும் அது வேறு வேறு இடத்தில் இருக்கும். அது பழைய நாணயத்தின் மிச்சம், டையின் குறி அன்று. அதே அரைப் பகோடாவில் கோபுரத்தைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களின் எண்ணிக்கை மாறுவது மட்டும் உண்மையான டை வேறுபாடு. பட்டியல்களும் அதைக் கொண்டே இந்த நாணயத்தை வகை பிரிக்கின்றன. ஒரே காசில் இரண்டையும் அருகருகே பார்த்துக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த நாணயம் தமிழகத்தில் கிடையாது.

ஆண்டு மாறாத நாணயங்கள்

அமெரிக்கச் சேகரிப்பாளர்களுக்கு டபுள்டு டை எப்படியோ, இந்திய நாணயம் சேகரிப்பவர்களுக்கு உறைந்த ஆண்டு அப்படி. இந்தியாவில் நெடுங்காலம் நாணயத்தில் பொறித்த ஆண்டும் அடித்த ஆண்டும் ஒன்றாக இருந்ததில்லை. உண்மையான காலத்தையும் இடத்தையும் டையின் சிறு குறிகளிலிருந்துதான் கண்டறிய முடியும். இங்கே டை வேறுபாடு ஆசைக்கான சேகரிப்பு என்பதைத் தாண்டி, ஆவணமாகவே பயன்படுகிறது.

ஆற்காட்டு ரூபாயிலிருந்து தொடங்கலாம். முகலாய அரசன் இரண்டாம் ஆலம்கீரின் பெயரில், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற மாறாத எண்களோடு, 19-ஆம் நூற்றாண்டில் கம்பெனி இந்த ரூபாயை அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அரசன் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியும் எண்கள் மாறவில்லை. சென்னையில் அடித்ததில் கூம்பிய தாமரை மொட்டு இருக்கும். சென்னைக்காகக் கல்கத்தாவில் அடித்ததில் விரிந்த ரோஜா இருக்கும். இரண்டு ரூபாய்க்கும் இடையே ஆயிரம் மைல் இடைவெளி. அதை அறிவிப்பது ஒரு சிறு பூ மட்டுமே.

1835-ல் நாடு முழுவதற்கும் ஒரே வடிவ ரூபாய் வந்தபோதும் இந்தப் பழக்கம் விடவில்லை. நான்காம் வில்லியம் தலையுள்ள ரூபாய் எல்லாமே 1835 என்றே இருக்கும். கழுத்து வெட்டின் அடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிலவற்றில் எழுத்தே இருக்காது. சிலவற்றில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து மேடாகவோ பள்ளமாகவோ இருக்கும். சிலவற்றில் 'ஆர் எஸ்' பள்ளமாக இருக்கும். இவை கல்கத்தா நாணயச்சாலைத் தலைவர்களின் பெயரெழுத்துகள். 'எஃப்' என்பது வில்லியம் நெய்ர்ன் ஃபோர்ப்ஸ். கல்கத்தாவின் புனித பால் தேவாலயத்தை வடிவமைத்த பொறியாளரும் அவரே. 'ஆர் எஸ்' ராபர்ட் சாண்டர்ஸ்.

விக்டோரியாவின் முதல் ரூபாயும் இப்படித்தான். 1840 என்ற ஆண்டே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்து நின்றது. முதலில் அடித்தவற்றில் ராணியின் பெயர் தலைக்கு மேலே தொடர்ந்து வளைந்து வரும்; பின்னாளில் அடித்தவற்றில் தலை குறுக்கிட்டுப் பெயர் இரண்டாகப் பிரிந்திருக்கும். இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். அடுத்த படி பூப் பக்கத்து மாலையில் உள்ள கனிகளை எண்ணுவது. 20, 28, 34, 35 என்று கனிகளின் எண்ணிக்கை மாறும். செதுக்கிய வில்லியம் வயனின் பெயரெழுத்துகளான இரண்டு 'டபிள்யூ' சில டைகளில் மேடு, சிலவற்றில் பள்ளம். கனிகளை எண்ணிச் சரிபார்ப்பது பொறுமை கேட்கும் வேலை. ஆனால் ஒரு முறை எண்ணிப் பழகினால், கடைக்காரர் 'சாதா 1840' என்று தரும் ரூபாய் எந்த வகை என்பதைச் சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகு வந்தது 1862 ரூபாய். சென்னையை ஒட்டிய பட்டாபிராம், ஆவடி பக்கத்து வீடுகளில் பாட்டி காலத்து டப்பாவில் விக்டோரியா ரூபாய் இருந்தால் அது 1862 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். காரணம், 1874 வரை அதே ஆண்டு போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். அரசியின் உடையில் உள்ள பூவேலையைக் கொண்டு தலைப் பக்கத்தையும், மேலே உள்ள பூவின் இதழமைப்பைக் கொண்டு பூப் பக்கத்தையும் வகைப்படுத்துகிறார்கள். பம்பாயில் அடித்தவற்றில் இன்னும் நுட்பம் உண்டு. ஆண்டெண்ணுக்குக் கீழேயும் வாசகத்துக்கு மேலேயும் மிகச் சிறிய புள்ளிகள் இருக்கும். அவற்றின் எண்ணிக்கை அடித்த காலத்தைக் குறிக்கும் ரகசியக் குறி. கீழே எத்தனை, மேலே எத்தனை என்று இரண்டு எண்களாக எழுதுவது பட்டியல் மரபு. சில புள்ளிச் சேர்க்கைகள் சர்வ சாதாரணம், சில மிக அரிது. எல்லாவற்றிலும் வெள்ளியின் எடை 11.66 கிராம்தான், விலையில் பல மடங்கு வித்தியாசம் வருவது அந்தப் புள்ளிகளால். அதே ஆண்டின் கால் அணாச் செப்புக்காசில் அரசியின் மார்பில் 'வி' என்ற எழுத்து இருந்தால், பட்டியல்கள் அதைச் சென்னை நாணயச்சாலைக்கு உரியதாகக் கொள்கின்றன.

அந்தச் சென்னை நாணயச்சாலை இருந்த தெருதான் இன்றும் தங்கசாலை என்று பெயர் தாங்கி நிற்கிறது. நாணயச்சாலை 1869-ல் மூடப்பட்டது. அந்தக் கட்டடங்கள் பின்னர் அரசு அச்சகத்தின் வசம் வந்தன. பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போகிறவர்கள் இறங்கும் இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். பழைய புத்தகமும் பழங்காசும் விற்ற மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனது. பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் எஞ்சியிருக்கிறது. சென்ட்ரலில் இறங்கியவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் தொலைவில்லை. அங்கே நாணயப் பிரிவில் பல்லவர், சோழர் முதல் கம்பெனி வரையிலான காசுகளை நேரில் பார்க்கலாம். புத்தகப் படத்தில் தெரியாத மேடு பள்ளங்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேனும் பார்த்துப் பழகுவது கண்ணுக்கு நல்ல பயிற்சி.

நாணயச்சாலையே வேண்டுமென்று டையைத் திருத்திய கதையும் உண்டு. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய் வந்தது. அரசரின் அங்கியில் தொங்கும் மாலையில் ஒரு யானை உருவம். அதன் துதிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. ஏறத்தாழ 94 லட்சம் ரூபாய் அடித்திருந்தார்கள். 7 லட்சம் அளவுக்கு மட்டுமே புழக்கத்துக்குப் போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டு, 1912-ல் துதிக்கை தெளிவாக நீண்ட புதிய டைகளைக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் 1911 ரூபாய் அரிது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு செதுக்குளியின் நுனி நாட்டின் நாணயத்தையே எப்படி மாற்றியது என்பது விளங்கும்.

இன்றைய சில்லறையில் தேடும்போது

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நாணயங்களில் முதலில் பார்க்க வேண்டியது மின்ட் மார்க், அதாவது நாணயச்சாலைக் குறி. ஆண்டெண்ணுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, எதுவுமே இல்லையென்றால் கொல்கத்தா. நொய்டா நாணயச்சாலை 1988-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் நொய்டாப் புள்ளி இருக்க முடியாது. ஒரே நாணயச்சாலையில் ஒரே ஆண்டில் புள்ளி பெரிதும் சிறிதுமாக வருவது, நட்சத்திரம் சற்றுத் தள்ளி அமைவது, எண்களின் வடிவு மாறுவது ஆகியவை டை வேறுபாடுகளாகக் கணக்கில் வரும். தேய்ந்த நாணயத்தில் வைரம் மழுங்கிப் புள்ளிபோலத் தெரியும். தேய்மானத்தை வேறுபாடு என்று எண்ணிவிடக்கூடாது.

சுழற்சியும் கவனிக்க வேண்டிய ஒன்று. இந்தியக் குடியரசு நாணயத்தைத் தலைப் பக்கம் நேராக இருக்கும்படி மேல், கீழ் விளிம்புகளில் பிடித்துத் திருப்பினால், மறுபக்கமும் நேராகவே வர வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் ஒரு டை தன் இடத்தில் திரும்பியிருந்தது என்று பொருள். சில பாகை சாய்வுக்கு மதிப்பில்லை. 90, 180 பாகை என்றால் சேகரிப்பாளர்கள் கேட்டு வாங்குவார்கள்.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கீறலும் தூசியும் இரட்டை எழுத்துபோலத் தோன்றி மயக்கும். வெளிச்சம் நேர் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் தாழ்வாக விழ வேண்டும். நாணயத்தை மெல்லச் சுற்றினால், உண்மையான இரட்டிப்பின் ஓரம் எந்தக் கோணத்திலும் நிற்கும்; ஒளியின் விளையாட்டு ஒரு கோணத்தில் மறைந்துவிடும். பக்கத்தில் அதே ஆண்டு, அதே நாணயச்சாலையின் சாதாரண நாணயம் ஒன்றை வைத்துக்கொள்வது மிக அவசியம். இயல்பு எப்படி இருக்கும் என்று தெரியாமல் விலகலை அளக்க முடியாது.

ஆண்டெண்ணோ எழுத்தோ தனித்து மட்டும் இரட்டித்திருந்தால் வேறொரு காரணத்தையும் நினைக்க வேண்டும். பழைய டைகளில் எண்களையும் நாணயச்சாலைக் குறியையும் கைச்சுத்தியலால் ஒவ்வொன்றாகக் குத்துவார்கள். முதல் குத்து சரியாக விழாவிட்டால் அதன்மேல் மறுபடி குத்துவார்கள். பழைய ஆண்டின் டையை வீணாக்காமல் கடைசி எண்ணை மட்டும் மாற்றிக் குத்துவதும் உண்டு. இவையும் டை வேறுபாடுகள்தான். ஆனால் சுற்றியுள்ள வாசகம் ஒற்றையாகவே இருக்கும். ஒரு பகுதி முழுவதும் சேர்ந்து இரட்டித்தால் ஹப். ஓர் எண் மட்டும் என்றால் குத்து.

நாணயத்தைக் கழுவுவது, புளி போட்டுத் தேய்ப்பது, விபூதியால் பளபளப்பாக்குவது ஆகிய மூன்றும் நாணயத்துக்குப் பகை. மேட்டின் ஓரம் மழுங்கினால் டபுள்டு டையா, இயந்திர இரட்டிப்பா என்று யாராலும் சொல்ல முடியாது, விலையும் பாதியாகிவிடும். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

போலியையும் நினைவில் வைக்க வேண்டும். ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய் மிக அரிது. அதனாலேயே சந்தையில் அதன் போலிகள் மிகுதி. வார்த்த போலியில் எழுத்தின் ஓரம் கொழகொழவென்றும் தளத்தில் நுண்துளைகளாகவும் இருக்கும். எண்ணைச் செதுக்கி மாற்றியதில், அந்த ஓர் எண்ணைச் சுற்றி மட்டும் தளத்தின் பளபளப்பு மாறுபடும். எடைபோடுவதும் விட்டத்தை அளப்பதும் லென்ஸுக்கு முன்பே செய்ய வேண்டியவை.

வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்பது போன்ற விளம்பரங்கள் ஏராளம். முன்பணமாகக் கமிஷன், வரி என்று கறப்பதுதான் விளம்பரம் செய்வோரின் நோக்கம். பழைய நாணயம் வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, தன் பெயரில் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஒரு வேறுபாட்டின் விலை மூன்றால் அமைகிறது: எத்தனை எஞ்சியிருக்கின்றன, எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள். கம்பெனி, பிரிட்டிஷ் ரூபாய்களுக்குப் பிரிட்மோரின் பட்டியலும், பால் ஸ்டீவன்ஸ், ராண்டி வெயர் இருவரும் 1835 முதல் 1947 வரையிலான நாணயங்களுக்குத் தொகுத்த நூலும் வகைகளைத் தெளிவாக வரிசைப்படுத்தியிருப்பதால் தேடுவோர் அதிகம். குடியரசு நாணயங்களின் டபுள்டு டைகள் அந்த அளவுக்கு இன்னும் ஒழுங்காகத் தொகுக்கப்படவில்லை. அதனால் இன்று ஒரு சாதாரண இரண்டு ரூபாயில் உண்மையான டபுள்டு டையைக் கண்டுபிடிப்பவருக்குப் பணத்தைவிடப் பெரிய வாய்ப்பு, அதை முதலில் பதிவு செய்வதுதான்.

பதிவு என்றால் எடை, விட்டம், உலோகம், ஆண்டு, மின்ட் மார்க், இரட்டிப்பின் திசை, அது எந்தெந்த எழுத்தில் வலுவாக இருக்கிறது என்பது, இருபுறப் படம், இரட்டித்த பகுதியின் நெருக்கப் படம். இவற்றோடு டையின் பிற அடையாளங்களையும் குறிக்க வேண்டும்: தளத்தில் மேடான மெல்லிய கோடாக ஓடும் விரிசல், எழுத்துக்கு இடையில் ஒரு சிறு புடைப்பு, வில்லை இல்லாமல் இரு டைகளும் மோதியதால் ஏற்பட்ட நிழல். அந்த விரிசல் நாளாக நாளாக நீளும். அதன் நீளத்தைக் கொண்டு எந்த நாணயம் முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தலாம். இதே இரட்டிப்பும் இதே விரிசலும் உள்ள இரண்டாவது நாணயம் கிடைக்கும்வரை பதிவேட்டில் அந்த நாணயத்துக்கு எதிரே 'உறுதிப்படாதது' என்றே எழுதி வைக்க வேண்டும்.